உதட்டைப் பார்த்துக் கற்ற ஜெர்மன்

ஜெர்மன்காரர்களில் பலர் ‘ஜாப்’ என்று சொல்வதில்லை. ‘ட்சொப்’ என்கிறார்கள். முதல் எழுத்தின் அதிர்வை உருவிவிட்டு, கடைசி எழுத்தை ‘ப்’ என்று அடைத்துவிடுகிறார்கள். ஆரணியில் நாங்கள் அதே சொல்லை வாங்கி ‘ஜாபு’ ஆக்கி, கடைசியில் ஒரு உகரத்தைப் போட்டுக் கதவைத் திறந்தே வைக்கிறோம்; அவர்கள் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு ஊரில் சும்மா திரிந்த எனக்கு இது பெரிய செய்தி. வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். ஜெராக்ஸ் கடையில் சொன்னேன். சலூனிலும் சொன்னேன்.

“அவன் எப்டி சொன்னா உனக்கு இன்னாடா?” என்றார் சலூன்காரர், கத்தியை என் தாடையிலிருந்து எடுக்காமலே. “உனக்கு ஜாபு கெடச்சுதா, அத்த சொல்லு.”

கிடைக்கவில்லை. அதைப் பிடிப்பதற்குத்தான் ஜெர்மன். சென்னையில் ஒரு கம்பெனி இருந்தது. ஜெர்மனியில் யாராவது ஒருவர் வீட்டில் பிரிண்டர் மக்கர் செய்தால் அவர் போன் செய்வார். அந்தப் போன் சென்னையில் அடிக்கும். எடுத்துப் பேச ஆள் வேண்டும். ஆங்கிலத்துக்கு ஆள் குவிந்து கிடந்தது, ஜெர்மனுக்கு இல்லை. கல்லூரியில் எனக்கு மூத்த ஒருவன் பிரெஞ்சு படித்து அப்படித்தான் போய்ச் சேர்ந்தான். தீபாவளிக்கு வந்தபோது கழுத்தில் கம்பெனி அட்டையோடு கோட்டை மைதானத்தைச் சுற்றினான். அட்டையைக் கழற்றாமலே பரோட்டா சாப்பிட்டான். எனக்கும் ஒரு அட்டை வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் பேச்சு என்பது காது சம்பந்தப்பட்ட காரியமாக இருந்ததில்லை. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். தொண்ணூறுகளின் நடுவில், நான் எட்டாவது படிக்கும்போது, அப்பா கைத்தறிகளை விற்றுவிட்டுப் பின்கட்டில் நான்கு பவர்லூம் போட்டார். முதல் தடவை சுவிட்சைத் தட்டியதும் தங்கை காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அழுது அழுது அவளுக்கு ஜுரமே வந்துவிட்டது. அதனால் பக்கத்துத் தெருவில் அத்தை வீட்டில் விட்டார்கள்; சாப்பிடவும் சண்டை போடவும் மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் ஓடவில்லை. எனக்கு மெஷின் பிடித்திருந்தது. தறிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படிப்பேன். அந்த இரைச்சலுக்குள் வேறு எதுவும் நுழையாது, அடுத்த வீட்டு டிவிகூட. பப்ளிக் பரீட்சைக்கு அங்கேதான் படித்தேன். நல்ல மார்க் வாங்கினேன். “தறிச் சத்தத்துல படிச்சே இவ்ளோ மார்க்கு” என்று அம்மா தெரு முழுக்கப் பெருமை பேசினாள்.

தறி ஓடும்போது யாரும் கத்துவதில்லை. கத்தினாலும் பயனில்லை. சத்தமே போடாமல் வாயை மட்டும் அசைப்போம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். உதட்டில் தெரியாத சொல்லைத் தவிர்ப்போம். ‘காகிதம்’ என்றால் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும், ‘பேப்பர்’ என்றால் பளிச்சென்று தெரியும். அம்மா இதில் பெரிய கை. நூல் கொண்டுவருகிறவர் கூடத்தில் நிற்கும்போதே, சிரித்த முகத்தோடு, அவர் வம்சத்தையே உதட்டால் திட்டித் தீர்ப்பாள். அப்பா குனிந்து தறியில் பாவு நூலைச் சரிபார்ப்பது போலச் சிரிப்பார். நூல்காரர், ‘அக்கா ஏதோ விசாரிக்கிறாங்க’ என்று அவளுக்கு வணக்கம் வைப்பார்.

தெருக் கதவை யாராவது தட்டினால், நடையில் நிற்பவர் காதால் கேட்டு உள்ளே இருப்பவர்களுக்கு வாயால் அனுப்புவார். போன் வந்தாலும் அதே ஏற்பாடுதான். நாங்கள் நடையில் நின்று ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு வாயசைக்க, அம்மா தறியை விட்டு நகராமலே செய்யாறு சித்தியோடு ஒரு கல்யாணப் பேச்சையே முடித்திருக்கிறாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். இதற்குப் பெயர்கூட இல்லை. பெயர் வைக்கும் அளவுக்கு இதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

ஜெர்மன் கேசட்டுகளை வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் பிடித்தேன். வாக்மேன் நண்பனுடையது. தறிகளுக்கு நடுவில் என் ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி, இரைச்சலை மீறிக் கேட்கும்வரை வால்யூம் சக்கரத்தைத் திருகினேன். அது கடைசிவரை திரும்பிய பிறகுதான் கேட்டது. அப்படியே மாதக்கணக்கில் கேட்டேன். இதைத் தவறு என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? தறி கத்துகிறது, அதைவிடச் சத்தமாக வைத்தால் கேட்கிறது, அவ்வளவுதான்.

பிறகு வேலூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். ஒரு மருந்துக் கடை மாடியில் நடந்தது. சொல்லிக்கொடுத்த அம்மா வேலூர்க்காரர். கணவரோடு பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மாணவர்களில் பாதிப் பேர் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக நினைத்த பெண்கள். நான் கண்ணமங்கலம் வழி பஸ்ஸில் முதல் ஆளாகப் போய் முதல் வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்துவிடுவேன். ஆர்வம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு அந்த அம்மா கடன் வாங்கிய சொற்களை எடுத்தார். “பேசிகினு இருக்கும்போது நடுவுல இங்கிலீஷ் வார்த்தை வந்தா, அப்பாடா தெரிஞ்ச வார்த்தைன்னு சந்தோஷப்படாதீங்க. அங்கதான் மாட்டுவீங்க. அது இப்ப அவங்க வார்த்தை. அவங்க வாய்க்கு வளைஞ்ச வார்த்தை.”

வளைந்த சொற்களைப் போர்டில் எழுதினார். கார் நிறுத்தும் கராஜ் அங்கே ‘கராஷ’ ஆகிறது. ஆரஞ்சு ‘ஒரான்ஷ’ ஆகிறது. பிரெஞ்சிலிருந்து போன பால்கனியை வடக்கே பலர் ‘பல்கோங்’ என்று மணி அடிப்பது போல முடிக்கிறார்கள். லைவ் ஒளிபரப்பு ‘லைஃப்’ ஆகிவிடுகிறது. சீனாவை ஒரு பக்கத்து ஆட்கள் ‘ஷீனா’ என்பார்கள், தெற்கே ‘கீனா’ என்பார்கள், புத்தகத்தில் படித்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் பூனை மெல்லச் சீறுவது போல ஒரு சத்தம் வைத்திருப்பார்கள்.

“ஆங்கில ‘த்’ அவங்களுக்கு வராதா மேடம்?” என்று ஒரு நர்ஸ் பெண் கேட்டாள்.

“எங்க வருது? த்ரில்லர் படம்னு சொல்லச் சொன்னா ‘ஸ்ரில்லர்’னு சொல்லுவாங்க.”

“எங்க தாத்தா பல்லு கட்டறதுக்கு முன்ன அப்டிதான் மேடம் சொல்லுவாரு.”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பைவிடப் பரவசம். ‘ஜங்கிள்’ நம் நாட்டிலிருந்து போய் அங்கே பலர் வாயில் ‘ட்சுங்கெல்’ ஆகிவிட்டது என்று கேட்டபோது எழுந்தே நின்றுவிட்டேன். ஆற்காட்டு நவாபு காலத்தில் எங்கள் பக்கம் வந்து இறங்கிய ஜல்தியும் பேஜாரும் எங்கள் வாய்க்கு வளைந்து சொந்தச் சொல்லாகிவிடவில்லையா? ஆரணியும் ஜெர்மனியும் ஒரே தொழில்தான் செய்கின்றன, நாங்கள் தளர்த்துகிறோம், அவர்கள் இறுக்குகிறார்கள் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “உக்காருங்க தம்பி, பஸ்ஸு போயிடாது” என்றார்.

உச்சரிப்பில் என்னை அடிக்க ஆள் இல்லை. ‘ஷ’வுக்கு அந்த அம்மாவின் உதடு குவிந்து முன்னால் வரும், ‘ஸ’வுக்கு அகலும், ‘ஃப’வுக்குப் பல் கீழுதட்டைத் தொடும். ஒரு தடவை பார்த்தால் போதும், என் வாய் அப்படியே செய்துவிடும். உதட்டில் தெரியாததை விதி சொல்லிவிடும்: சொல்லின் கடைசியில் ‘b’ இருந்தால் ‘ப்’ என்று அடை, ‘d’ இருந்தால் ‘ட்’ என்று அடை. “இது ஜெர்மனியில கொலோன்ல பொறந்த வாய்” என்று அந்த அம்மா என்னைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னார். அவர் போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துகிறார் என்று எனக்குத் தோன்றும். பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வேன். போர்டு பக்கம் திரும்பினால் யாருக்கும் குரல் தாழத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

சென்னைக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு என் வாழ்க்கையிலேயே நல்ல அரைமணி நேரம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருவர். ஒருவர் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தவர். நான் ‘கராஷ’ சொன்னேன், ‘ட்சொப்’ சொன்னேன், அவர்களுடைய மேலாளரை ‘ஷெஃப்’ என்று அவர்கள் மாதிரியே சொன்னேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு எங்கே படித்தாய் என்று கேட்டார். ஆரணி என்றேன். அது எந்த நகரத்தில் இருக்கிறது என்றார். அதுவே நகரம்தான் என்றேன். சிரித்தார்.

பிறகு கண்ணாடி அறை ஒன்றுக்குள் விட்டு ஹெட்செட்டை மாட்டினார்கள். அந்தப் பக்கம் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் பேசினார். பேசினார் என்று எனக்குத் தெரிந்தது. குரல் ஏறி இறங்குவது தெரிந்தது. ஆ, ஈ, ஓ என்று உயிர் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. அவற்றைப் பிடித்துக் கட்டும் மெய்யெழுத்துகள் வரவில்லை. ஸ, ஷ, ஃப, ட்ஸ் எல்லாம் ஒரே ஊதலாக இருந்தது, யாரோ டீயை ஆற்றிக்கொண்டிருப்பது போல. நான் மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் ஊதல். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த ஜெர்மன்காரரின் முகத்தைப் பார்த்தேன், அவர் வாய் அசைந்தால் ஏதாவது தெரியுமா என்று. அவர் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசுவதில் முதலிடம், கேட்பதில் மட்டம், இது எப்படி என்று அவர்களுக்கே புரியவில்லை. பதற்றமாக இருக்கும் என்றார்கள். சில மாதம் கழித்து வீட்டுக்கே போன் செய்து இன்னொரு தடவை சோதிப்பதாகச் சொன்னார்கள். ஹெட்செட்டில்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

தங்கை நம்பவில்லை. அவள் அப்போது கல்லூரியில் முதல் வருடம். “அத்த வூட்லேர்ந்து கூப்ட்டா நீ திரும்பிக்கூட பாக்கறதில்ல. திமிருன்னு நெனச்சுகினு இருந்தேன்” என்றாள். என்னை அத்தை வீட்டு மொட்டை மாடிக்கு இழுத்துப்போனாள். என் பின்னால் நின்றுகொண்டு, “நான் சொல்றத திருப்பிச் சொல்லு” என்றாள்.

தமிழ்ச் சொற்கள்தான். அவள் பெயரைக்கூடச் சொன்னாளாம். எனக்குக் கேட்டதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், அவள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

வேலூரில் காது டாக்டர் என்னை ஒரு பெட்டி மாதிரி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நடுவில் ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை, மெஷினை நிறுத்திவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். நான் இயற்பியல் படித்தவன். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தாழ்ந்த அதிர்வெண்களில் கோடு நேராகப் போய், உயர்ந்த அதிர்வெண்களுக்குப் போகப் போகக் கிணற்றுக்குள் விழுந்தது. ஸ, ஷ, ஃப எல்லாம் குடியிருக்கும் இடம் அந்தக் கிணறுதான்.

“எந்த ஊரு?” என்றார் டாக்டர்.

“ஆரணி, சார்.”

“வூட்ல தறியா? பவர்லூமா?”

“ஆமா சார்.”

அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

“ஆபரேஷன் பண்ணிக்கலாமா சார்?”

“இதுக்கு ஆபரேஷன் கெடையாது, தம்பி. போனது போனதுதான். காதுக்கு மெஷின் வெச்சா சத்தம் பெருசாகும், தெளிவாகாது. இருக்கறத காப்பாத்திக்கோ. தறி பக்கம் போகாத.”

தறி பக்கம் போகாமல் எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் போவது? கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது இறங்கி டீ குடித்தேன். கடைக்காரர் ஏதோ கேட்டார். பாய்லருக்குப் பின்னால் அவர் வாய் மறைந்திருந்தது. சும்மா தலையாட்டினேன். சர்க்கரை இல்லாத டீ வந்தது. குடித்துவிட்டு, இனி எத்தனை கேள்விகளுக்கு இப்படித் தலையாட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னேன். அம்மாதான் பேசினாள். “எனக்குந்தான் குக்கர் விசிலு கேக்கறதில்ல. அதுக்கு இன்னா, நான் சோறு ஆக்கலயா? கொழம்பு வெக்கலயா?”

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் போயிருக்கிறது, அப்பாவுக்கும் போயிருக்கிறது, எதிர் வீட்டில், அதற்கடுத்த வீட்டில், பெரியவர்கள் எல்லோருக்கும் போயிருக்கிறது. எல்லோரும் எதிரெதிரே நின்று வாயைப் பார்த்தே பேசுவதால் யாருக்கும் அது தெரியவே இல்லை. காதில் வைக்கப் பஞ்சு கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா அதை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “இத்த வெச்சிகினா தறி இன்னா சொல்லுதுன்னு எப்டி தெரியும்? நூல் எழ அறுந்தா சத்தத்துலதான தெரியும்” என்றார். பஞ்சு சாமி மாடத்துக்குப் போய் விளக்குத் திரியாகிவிட்டது.

திட்டம் தங்கையுடையது. “போன்ல பேசறது உனக்கு கேக்காது, அவ்ளோதான? நான் கேட்டு வாயால சொல்றேன், நீ பாத்துக்கோ. அம்மாவுக்கு சொல்ற மாதிரிதான்.”

“உனக்கு ஜெர்மன் தெரியாதே.”

“எனக்கு இன்னாத்துக்கு தெரியணும்? காதுல வுழறத வாயில காட்டறேன். உனக்குதான் தெரியுமே.”

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்திருந்தால் பட்டிருக்கும். எங்கள் வீட்டுப் போனுக்குக் கூடத்தில் ஒரு ரிசீவர், நடையில் ஒரு ரிசீவர் என்று ஒரே லைனில் இரண்டு இருந்தது. அவள் ஒன்றைப் பிடிப்பாள், நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் உட்காருவேன். கேசட்டைப் போட்டுப் பழகினோம். ‘ஷ’வுக்கு உதட்டைக் குவி, ‘ஸ’வுக்கு அகட்டு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “இன்னாண்ணா பாஷ இது, வாய் வலிக்குது. சம்பளத்துல எனக்குப் பாதி” என்பாள். ஒரு மாதத்தில் கேசட்டில் இருந்த வாக்கியங்களை அவள் உதட்டிலிருந்து படித்துவிட்டேன். வேலை கிடைத்த பிறகு தினமும் போனில் என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவில்லை. அட்டை கழுத்தில் விழட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வருடங்களில் தெருத் தெருவாக மின்வெட்டு. எங்களுக்கு மத்தியானம். எங்கள் தெருவில் பகலில் தறி நிற்கும் ஒரே நேரம் அதுதான். அந்த நேரத்தையே கம்பெனியிடம் கேட்டு வாங்கினேன். கரண்டு போனதும் தெருவே திடீரென்று அகலமானது போல இருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து, “எம்புள்ள ஜெர்மனிக்காரிகூட பேசப்போறான், கொஞ்சம் அந்தாண்ட போய் வெளையாடுங்கடா” என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார், யாரோ வீட்டுக்கு வருவது போல.

போன் அடித்தது. வணக்கம், பெயர், படிப்பு. எல்லாம் மனப்பாடம். அந்தப் பெண்ணின் குரல் உற்சாகமாக உயர்ந்ததை என்னால் கேட்க முடிந்தது. உச்சரிப்பைப் பாராட்டினார் என்று தங்கையின் உதட்டிலிருந்து படித்தேன்; அந்தச் சொல் கேசட்டில் இருந்த சொல்தான்.

அதற்கப்புறம் அவர் கேசட் மாதிரி பேசவில்லை. மனுஷி மாதிரி பேசினார். தங்கையின் உதடு தடுமாறியது. ஒரு சொல்லை அவள் முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. பாதிச் சொற்களை விட்டுவிட்டு ஓடினாள், பஸ்ஸைத் துரத்துகிறவள் மாதிரி. அப்போதுதான் அவள் முகம் மலர்ந்தது. அவளுக்குத் தெரிந்த சொற்கள் வந்துவிட்டன. அவற்றை அந்தப் பெண் என்னவோ ‘ஸ்கென்னர்’ என்றும் ‘ஸ்யோர்வர்’ என்றும் இறுக்கித்தான் சொல்லியிருப்பார். தங்கை அவற்றை அவிழ்த்து, எங்கள் தெருவில் சொல்வது போலவே எனக்குக் காட்டினாள். ஸ்கேனரு. சர்வரு. சர்வீசு. கடன் வாங்கிய சொல்லில்தான் மாட்டுவீர்கள் என்று அந்த அம்மா வகுப்பில் சொன்னதற்கு நேர் எதிராக, எனக்கு வந்து சேர்ந்தது கடன் வாங்கிய சொற்கள் மட்டும்தான்.

போதும் என்று நினைத்தேன். வாடிக்கையாளரின் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்ற கேள்வியாகத்தான் இருக்கும். அதற்கான பதில் எனக்குத் தலைகீழாகத் தெரியும். மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள், கேபிளைப் பாருங்கள், சர்வரில் பதிவு செய்யுங்கள், சர்வீஸ் ஆள் வருவார். ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் அழகாக அடைத்து, ஒரு பிசிறு இல்லாமல் பேசினேன். அம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

அந்தப் பெண் தான் முதலில் சொன்னதையே நிதானமாக மறுபடி சொன்னார் போலிருக்கிறது. தங்கையின் உதட்டில் மறுபடியும் ஸ்கேனரு, சர்வரு, சர்வீசு. நான் மறுபடியும் கேபிளைப் பார்க்கச் சொன்னேன்.

அவர் என்ன சொன்னார் என்பது பின்னால் வேலூர் வகுப்பு அம்மா கம்பெனியில் விசாரித்துச் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்கேனர், சர்வர், சர்வீஸ் எதுவும் இன்றைக்கு வேண்டாம், அதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது என்றாராம். ஊரைப் பற்றி! அதைப் பற்றி நான் ஜெர்மனில் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அவர் இன்னும் ஏதோ கேட்டார். தங்கை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, தமிழில், “தெரியலண்ணா” என்று வாயசைத்தாள். அடுத்ததற்கும் “தெரியலண்ணா”. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவர்களின் உதட்டைப் படிக்க முடியாது; எல்லா எழுத்தும் ஒரே மாதிரி நடுங்கும். அழாதே என்று கையைக் காட்டினேன். இன்னும் அழுதாள். அவள் மேல் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. என் சார்பில் கேட்டுக்கொண்டிருந்த ஒரே காது அவளுடையதுதான்.

கடைசியில் அந்தப் பெண்ணின் குரல் மெதுவாகத் தாழ்ந்து, ஒரு நீளமான உயிர் எழுத்தில் ஏறி நின்றது. விடைபெறும் ராகம் எந்தப் பாஷையிலும் தெரிந்துவிடுகிறது. நன்றி சொன்னேன். மிகச் சரியாகச் சொன்னேன். ரிசீவரை வைத்தேன்.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் இன்னும் கொஞ்சம் ஜல்தியா சொல்லியிருக்கணும்” என்றாள்.

“நீ நல்லாதான் சொன்ன.”

“அந்தப் பொம்பள ரொம்ப நல்ல மாதிரி பேசிச்சுண்ணா. குரலே அப்டி இருந்துச்சு.”

நான் பதில் சொல்வதற்குள் கரண்டு வந்துவிட்டது. சுவிட்சுகள் போட்டபடியே இருந்ததால் எங்கள் நான்கு தறிகளும் எதிர் வீட்டுத் தறிகளும் தெரு முழுக்க ஒரே சமயத்தில் ஆரம்பித்தன. தங்கை காதைப் பொத்திக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அம்மா தறிக்கு வந்து நின்று, நூல் சுமந்த நாடா இங்குமங்கும் ஓடுவதை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி, உதட்டால் கேட்டாள். இன்னாச்சு?

வேலை கெடைக்காதும்மா என்று உதட்டாலேயே சொன்னேன். முதல் தடவையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, ஒரு எழுத்துகூடத் தவறாமல். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதாவது சொல்வேனா என்று. பிறகு எனக்குப் பின்னால் கையைக் காட்டினாள். மூன்றாவது தறி இழை அறுந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை நிறுத்தினேன்.